இன்னும் திருப்பித் தராத பாத்திரங்களோடு ஒரு நன்றி மடல்

சபையின் அன்பான சகோதர சகோதரிகளுக்கும், எங்கள் தெருவில் குடியிருப்பவர்களுக்கும்,

போன ஞாயிறு ஆராதனை முடிவில் சாட்சி சொல்ல இரண்டு நிமிடம் கேட்டு வாங்கினேன். முன்னே போய் நின்றதும் தொண்டை அடைத்துக்கொண்டது. "எல்லாருக்கும் நன்றி, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். பலர் நெகிழ்ந்துபோனதாக அப்புறம் சொன்னார்கள். உண்மை என்னவென்றால், யாரிலிருந்து தொடங்குவது என்றே எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது நாக்கு குழறாது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மாடிப்படியில் கால் இடறி என் மனைவியின் இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது வாரம் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்றார்கள். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். அப்புறம் நான். அந்த ஒன்பது வாரத்தை நாங்கள் எப்படிக் கடந்தோம் என்று இப்போது திரும்பிப் பார்த்தால், எங்கள் திறமை எதுவும் கண்ணில் படவில்லை. உங்களுடைய நேரம்தான் தெரிகிறது.

முதலில் செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு. பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் அப்படியே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் அக்கா வந்தார். வந்தவர் பலரும், "எதுவானாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் உதவி கேட்பதும் ஒரு வேலை. யாரிடம் கேட்கலாம், எந்த நேரத்தில் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம் என்று யோசித்து யோசித்துக் கடைசியில் கேட்காமலே விட்டுவிடுவோம். அக்கா அப்படி எதுவும் சொல்லவில்லை. "தம்பி, செவ்வாய்க்கிழமை ரெண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் நான் இங்க இருப்பேன். நீங்க வெளி வேலையெல்லாம் அப்போ வச்சுக்குங்க" என்றார். ஒன்பது செவ்வாயும் வந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் அக்காவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அக்காவின் கணவர் நோயில் படுத்திருந்தபோது நான் ஒருமுறை போனேன். ஒரே ஒருமுறை. வண்டியை அணைக்கக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே, "ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம் அக்கா" என்றேன். அன்று சபைக் கமிட்டி இருந்தது, அதற்குப் பிறகு கூட்டத்தின் கணக்கு இருந்தது. இரவு ஜெபத்திலாவது அவரை நினைத்தேனா? இல்லை. யோசித்துப் பார்க்கிறேன், அந்த வாசகத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! பேச்சை முடித்துவிட்டுக் கிளம்புவதற்கு எனக்குக் கிடைத்த மரியாதையான வழி அது. ஜெபத்தை நான் விடைபெறும் வார்த்தையாக்கி வைத்திருந்தேன்.

அக்காவுக்கு அது நினைவிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் அக்கா என்ன செய்தார் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்டால் ஒரு சங்கீதம் வாசித்தார். கேட்காவிட்டால் இல்லை. ஒரு செவ்வாய் நான் திரும்பி வந்தபோது என் மனைவி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா வந்த கொஞ்ச நேரத்திலேயே தூங்கியிருக்கிறாள், இரண்டு மணி நேரமும் எழவில்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. "உங்களுக்கு வீணா ஒரு மத்தியானம் போச்சே அக்கா" என்றேன். "எங்க போச்சு? ஒருத்தரும் கூப்பிடாம ரெண்டு மணி நேரம் ஜெபம் பண்ணக் கிடைச்சுது. வீட்ல இருந்தா இது நடக்குமா?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நான் அங்கேயே நின்றேன். தேவனுக்கு ஒரு பங்கு, பிறனுக்கு ஒரு பங்கு, வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று நாளைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டும் போதவில்லை என்று புலம்பியே பழகியவன் நான். அக்கா ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தேவனோடும் இருந்தார், என் மனைவியோடும் இருந்தார்.

அன்று இரவு லூக்கா 10-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். பிரசங்கங்களில் பலமுறை கேட்டதுதான். நல்ல சமாரியன் ஒரு ஞாயிறு வருவான், மார்த்தாள் மரியாள் வேறொரு ஞாயிறு வருவார்கள். இரண்டும் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டு இருக்கின்றன என்பது அன்றுதான் என் கண்ணில் பட்டது. 25-ஆம் வசனத்தில் நியாயசாஸ்திரி கேள்வி கேட்கிறான், தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு என்று பதிலையும் அவனே சொல்கிறான். உடனே சமாரியன் கதை, அடிபட்டு வழியில் கிடந்தவனுக்கு அந்நியன் ஒருவன் உதவிய கதை. அது 37-இல் முடிகிறது, 38-இல் இயேசு மார்த்தாளின் வீட்டுக்குள் நுழைகிறார். வழியில் கிடந்தவனுக்காக ஒருவன் நின்றான், கர்த்தரின் பாதத்தருகே ஒருத்தி உட்கார்ந்தாள். நின்றதும் உட்கார்ந்ததும் ஒரே அதிகாரத்தில். இந்த இரண்டுக்கும் நடுவில் சபைச் செயலர் என்கிற நான் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அந்தக் கதையில் கிடந்தவனைப் பார்த்தும் ஆசாரியனும் லேவியனும் ஏன் விலகிப் போனார்கள் என்று வேதம் காரணம் சொல்லவில்லை. எனக்கென்னவோ அவர்களுக்கும் ஒரு கமிட்டி இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

இது வெறும் வேடிக்கைப் பேச்சும் இல்லை. மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பாடகர் குழுத் தம்பி (அவனுக்கு நன்றி கீழே வருகிறது) காத்திருந்த நேரத்தில் எனக்கு ஒரு விஷயம் சொன்னான். டார்லி, பேட்சன் என்று இரண்டு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 1973-இல் வெளிவந்தது. ஒவ்வொருவரையும் இன்னொரு கட்டிடத்துக்குப் போய்ப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பே நல்ல சமாரியன்தான். போகும் வழியில் ஒரு மனிதன் சுருண்டு கிடந்து முனகுகிறான், அது ஆய்வாளர்களின் ஏற்பாடு. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவ முயன்றார்கள். நேரமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லையாம். சமாரியனைப் பற்றிப் பேசப் போன அவசரத்தில், கிடந்தவனைத் தாண்டிக்கொண்டு போனவர்களும் உண்டாம்.

கேட்டதும் சிரித்தேன். பிறகு, ஓடிக்கொண்டிருந்த வண்டியோடு அக்கா வீட்டு வாசலில் நின்றது ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

சரி, அந்தத் தம்பிக்கு வருகிறேன். மறு பரிசோதனைக்கு மூன்று முறையும் அவன்தான் வண்டி ஓட்டினான். ஒருமுறை மருத்துவர் வரத் தாமதமாகி, அவன் சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குப் போக முடியாமலே போயிற்று. பாடகர் குழுத் தலைவருக்கு நான் சொல்லிக்கொள்வது: அவனைத் திட்டவேண்டாம். நீங்கள் திட்டவில்லை என்று தெரியும். நானாக இருந்தால் திட்டியிருப்பேன். மாற்கு 5-இல் யவீரு தன் பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள் என்று இயேசுவை அழைத்துக்கொண்டு போகிறான். அதைவிட அவசரம் ஏது? நடுவழியில் பன்னிரண்டு வருடமாய் நோயில் தவித்த ஒரு ஸ்திரீ அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள், இயேசு நின்றுவிடுகிறார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை நிற்கிறார். யவீருவின் நிலையில் இருந்து பார்த்தால் அந்த நிமிடங்கள் எப்படிப் போயிருக்கும்! அவன் மகளும் எழுந்தாள் என்பது நமக்குத் தெரியும். அப்போது அவனுக்குத் தெரியாது.

எதிர் வீட்டு அம்மாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனது அவர்தான். எங்கள் விசுவாசத்தில் உள்ளவர் இல்லை. ஒருநாள் நாங்கள் குடும்ப ஜெபத்தில் இருந்தபோது வந்துவிட்டு, "நீங்க சாமிகிட்ட பேசி முடிங்க, நான் நிக்கிறேன்" என்று வாசலிலேயே நின்றார். என் சின்ன மகள் ஜெபத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். சமாரியன் யார் என்று அவளுக்கு இனி நான் விளக்கவேண்டியதில்லை.

போதகர் ஐயாவுக்கு. தினமும் சாயங்காலம் போன் செய்வீர்கள். முகவுரை கிடையாது. "இன்னைக்கு எப்படி?" என்று கேட்பீர்கள், அப்படியே ஜெபம் செய்வீர்கள், வைத்துவிடுவீர்கள். மொத்தம் ஒரு நிமிடம். (நேரில் வந்து நீளமாக ஜெபித்த அன்பர்களுக்கும் நன்றி உண்டு. ஆனால் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் முன் ஜெபிக்கும்போது உலக நாடுகளை ஒவ்வொன்றாக நினைக்கவேண்டாம் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.) மூன்றாவது வாரம் உங்களிடம் அழுதேன், "ஜெபிக்கவே முடியல ஐயா, நாள் பூரா அடுப்படியிலயே போகுது" என்று. நீங்கள் லாரன்ஸ் சகோதரரைப் பற்றிச் சொன்னீர்கள். 1640-இல் பாரிஸில் கர்மேல் சபை மடத்தில் சேர்ந்தவர். முன்பு போர்ச்சேவகராக இருந்து காலில் காயம்பட்டவர். மடத்தில் அவருக்குக் கொடுத்தது சமையலறை வேலை, அதுவும் அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை. பாத்திரங்களின் சத்தத்துக்கும் பலர் ஒரே நேரத்தில் கேட்கும் கூச்சலுக்கும் நடுவில், முழங்காலில் நிற்கும்போது இருக்கிற அதே அமைதியோடு தேவனோடு இருக்கப் பழகினார். "அவருக்கும் பிடிக்கல, உங்களுக்கும் பிடிக்கல. அங்கேயிருந்தே ஆரம்பிங்க" என்றீர்கள்.

ஆரம்பித்தேன். லாரன்ஸ் சகோதரர் ஆகிவிடவில்லை. பல நாள் தீய்ந்த வாசனைதான் என்னை ஜெபத்திலிருந்து எழுப்பியது. ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது ஒரு பாத்திரத்துக்கு ஒருவர் என்று நினைத்து ஜெபிக்கும் பழக்கம் வந்தது. யார் வீட்டுப் பாத்திரமோ அவருக்காக. இத்தனை வருடம் வாயால் சொன்ன "ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்" கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாயிற்று.

இன்னொன்றும் ஐயா சொன்னது. என் கமிட்டி நோட்டின் முதல் பக்கத்தில் எபேசியர் 5:16-ஐ எழுதி வைத்திருப்பேன்: "நாட்கள் பொல்லாதவைகளானதால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்." ஒரு நிமிடம்கூட வீணாக்காதே என்பதாகத்தான் இத்தனை நாள் வாசித்தேன். அங்கே கிரேக்கத்தில் உள்ள சொல் கைரோஸ், கடிகாரம் காட்டும் மணிக்கணக்கைவிடத் தகுந்த தருணத்தைக் குறிக்கிற சொல் என்று ஐயா விளக்கினார். அப்படிப் பார்த்தால் அக்காவின் வாசலில் என் முன்னே ஒரு காலம் நின்றது, நான் அதைத் தாண்டிக்கொண்டு கமிட்டிக்குப் போனேன். நோட்டில் வசனம் மட்டும் பத்திரமாக இருந்தது.

சபையில் எனக்கிருந்த நான்கு பொறுப்புகளில் இரண்டை விட்டுவிட்டேன். ஏனென்று பலர் கேட்டீர்கள். மனத்தாங்கல் எதுவும் இல்லை. மீதி இரண்டையாவது ஒழுங்காகச் செய்து, நடுவில் யாராவது கூப்பிட்டால் நிற்கும்படி கொஞ்சம் இடம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான். பழைய ஓட்டம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். போன வாரம்கூட ஒருவரிடம் பேசிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் கவனித்துவிட்டார். அவருக்கு இங்கேயே மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

துணி மடித்துக் கொடுத்த வாலிபப் பெண்களுக்கும், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கும், இரவில் வந்து மின்விசிறியைச் சரிசெய்துவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனவருக்கும், அலுவலகத்தில் என் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்ட நண்பருக்கும் எங்கள் நால்வருடைய நன்றி. என் மனைவி இப்போது பிடிமானம் இல்லாமல் நடக்கிறாள். மாடிப்படியை மட்டும் இன்னும் முறைத்துப் பார்க்கிறாள்.

கடைசியாகப் பாத்திரங்கள். ஒன்பது வாரமும் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. சில நாள் யார் வைத்தார்கள் என்றே தெரியாமல் வாசலில் இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், மடத்தின் பாத்திரங்களையும் பொருட்களையும் பலிபீடத்தின் பரிசுத்த பாத்திரங்களைப் போல எண்ணவேண்டும் என்று இருக்கிறது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், எல்லாவற்றையும் நன்றாகத் தேய்த்து அடுக்கி வைத்திருக்கிறேன். பேர் தெரிந்தவற்றைக் கொண்டுவந்து தந்துவிட்டேன். பேர் தெரியாமல் நிற்பவை: பிடி கழன்ற ஒரு தூக்கு, நீல மூடி போட்ட இரண்டு டப்பா, வட்டமான ஒரு மூடி. அந்த மூடிக்கு உரிய பாத்திரம் எங்கள் வீட்டில் இல்லை, உங்களில் ஒருவர் வீட்டில் மூடியில்லாமல் இருக்கவேண்டும். யாருடையது என்று சொன்னால் போதும், நானே கொண்டுவருகிறேன், வந்தால் கொஞ்ச நேரம் உட்காருவேன். செவ்வாய்க்கிழமை இரண்டிலிருந்து நாலு மட்டும் வேண்டாம். அந்த நேரம் சபையில் படுக்கையாக இருக்கும் ஒரு தாத்தாவின் வீட்டில் இருப்பேன்.