ட்வைட் ஃப்ரைக்கு, நவம்பர் 7 அன்று

மதிப்புக்குரிய நடிகர் ஃப்ரை அவர்களுக்கு,

1943-இல் இதே நாளில் ஹாலிவுட் பஸ்ஸில் மாரடைப்பில் சரிந்து நீங்கள் இறந்துபோனதை உங்களிடமே சொல்ல வேண்டியதில்லை. நான் எழுத வந்தது ஒரு காலுறையைப் பற்றி.

‘ஃபிராங்கன்ஸ்டைன்’, 1931. கோபுரக் கதவைத் தட்டுகிறார்கள். விஞ்ஞானியின் வேலையாள் ஃப்ரிட்ஸாக, லாந்தரும் கையுமாக முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வருகிறீர்கள். வந்தவர்களை விரட்டிவிட்டுத் திரும்பப் படியேறும்போது நடுவில் நின்று, நழுவிய காலுறையை இழுத்துவிட்டுக்கொள்கிறீர்கள். கதைக்கு அது தேவையே இல்லை. வெட்டியிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். கைத்தடியோ படு குட்டை, ஊன்றினால் உடம்பு மடங்கித்தான் ஆகவேண்டும். அந்தக் கூன் முதுகோடு காலுறையை இழுக்கிற நொடியில் ஃப்ரிட்ஸ் பூச்சாண்டி இல்லை, வேலையில் சலித்துப்போன கூலியாள். அதனால்தான் பின்னால் தீப்பந்தத்தை நீட்டி, அசுரனாக வரும் கார்லாஃபை வதைக்கும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது. மிதிபட்டவனுக்கு மிதிக்க ஒருத்தன் கிடைத்துவிட்டான். யோசனை உங்களுடையதோ இயக்குநர் ஜேம்ஸ் வேலுடையதோ, செய்து காட்டியது உங்கள் உடம்பு.

அந்த ஃப்ரிட்ஸைத்தான் இன்றும் ‘இகோர்’ என்கிறார்கள். மன்னியுங்கள். இகோர் 1939-இல் ‘சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் நடிகர் பேலா லுகோசி செய்த வேடம், தூக்கில் கழுத்து முறிந்தவன். ஆனால் பழி முழுக்க எங்கள் மேலா? விஞ்ஞானிக்கு ஒரு விகார வேலையாள் என்ற அச்சை வார்த்ததே நீங்கள். 1935-இல் ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் கார்லாக வந்து அதே அச்சில் மறுபடி உட்கார்ந்ததும் நீங்கள்தானே. அதில் கார்ல் தன் மாமனைக் கொல்லும் பகுதியை வெட்டிவிட்டார்கள், அது வேறு.

‘டிராகுலா’வில் அந்தச் சிரிப்பு எப்படி எடுபட்டது என்று உங்களுக்குத் தெரியாதா? முதலில் நீங்கள் நடித்த ரென்ஃபீல்ட் தொப்பி கசங்காத, வீட்டுப் பத்திரம் கொண்டுவந்த மனிதர். பேப்பர் கிளிப் விரலில் குத்தினாலே பதறுகிறவர். அவரை நம்பிய பிறகுதான் அவர் பித்துப் பிடித்து நிற்கும் கப்பலின் அடித்தளம். கேமரா மேலிருந்து பார்க்கிறது, பின்னணி இசை கிடையாது. பல்லைக் கடித்தபடி, ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக வருகிறது சிரிப்பு. முன்பாதி இல்லாமல் அந்தச் சிரிப்பு வெறும் சத்தம். அதை 1933-இல் ‘தி வேம்பயர் பேட்’ படத்துக்குத் தனியே கழற்றி விற்றீர்களே! பிராட்வே நாடக மேடையில் நகைச்சுவை செய்த கை அது. கோபம் வராமல் என்ன செய்யும்?

சரி, பஞ்சகாலம். வந்த வேடத்தைத் தள்ள யாருக்குத் துணிச்சல்? 1942-இலும் 43-இலும் அதே ஃபிராங்கன்ஸ்டைன் வரிசையில் ஊர்க்காரர்களில் ஒருவராக நின்றீர்கள். இரவில் லாக்ஹீட் விமானத் தொழிற்சாலையில் கருவி வடிவமைப்பு. நெஞ்சு வலியை வீட்டில் மறைத்ததைப் பற்றி இங்கே எதுவும் எழுதப்போவதில்லை. நாலு பேர் படிக்கிற கடிதம், அது உங்கள் வீட்டு விஷயம்.

ஆனால் அமெரிக்க அதிபர் வில்சனைப் பற்றிய ‘வில்சன்’ படத்தில் போர் அமைச்சர் நியூட்டன் பேக்கர் வேடம் கைக்கு வந்துவிட்டது. கூன் இல்லை, கெக்கலி இல்லை; கோட்டும் சூட்டுமாக நிமிர்ந்து உட்கார்ந்து பேச வேண்டிய ஆள். படப்பிடிப்பு தொடங்கும்வரை பொறுத்திருக்கக் கூடாதா, ஃப்ரை?