அக்காவுக்கு, இஞ்சர் செத்துப்போனது பற்றி

அக்கா,

பாப்பாவுக்கு 'பிளாக் பியூட்டி' வாங்கி அனுப்பிவிட்டேன், பியூட்டி என்ற குதிரை தன் கதையைத் தானே சொல்லும் அந்த இங்கிலீஷ் நாவலை. சுருக்கப் பதிப்பு இல்லை, 49 அத்தியாயமும் இருக்கிறது. "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும், இல்லன்னா இஞ்சர் குதிரை சாகுற இடத்தை மட்டும் எடுத்துட்டுக் குடு" என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. உன்னைக் கேட்காமல் செய்ததில் வருத்தம்தான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. போனில் பேசினால் இரண்டு பேருமே பாதியில் வைத்துவிடுவோம். இங்கே எழுதினால் கடைசிவரை படிப்பாய்.

நீ எனக்கு இந்தக் கதையைச் சொன்ன வருஷம் வீடு இருந்த நிலைமையை இங்கே எழுதப்போவதில்லை, சொந்தக்காரர்களும் படிக்கிறார்கள். ராத்திரியில் நீ இங்கிலீஷில் பார்த்துப் பார்த்துத் தமிழில் கதை சொல்வாய். மட்டக்குதிரை மெரிலெக்ஸுக்கு ஒரு குரல், இஞ்சருக்கு வேறு குரல். குட்டியிலிருந்தே யாரும் அன்பாகத் தொடாததால் கடிக்கப் பழகிய குதிரை என்று நீ சொல்லும்போது உன் குரலிலேயே ஒரு வீம்பு ஏறும். எனக்குக் கதாநாயகி அதுதான், பியூட்டி இல்லை. லண்டனில் வாடகை வண்டிகள் நிற்குமிடத்தில் இரண்டும் மறுபடி பார்த்துக்கொள்ளும் இடம் வந்தது. நிறுத்தினாய். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாய். திரும்பி வந்து இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினாய், நான் பார்த்தேன். "இஞ்சரை ஒரு நல்லவர் வாங்கிட்டுப் போய் ஆப்பிள் தோட்டத்துல விட்டுட்டார்" என்றாய். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

40-ஆம் அத்தியாயத்தைக் காலேஜ் படிக்கும்போதுதான் நானே படித்தேன். எலும்பும் தோலுமாக, இருமிக்கொண்டு நிற்கிறது இஞ்சர். முன்பெல்லாம் எதிர்த்து நிற்பாயே என்று பியூட்டி கேட்கிறது. இனி அதில் பலனில்லை, மனுஷர்கள்தான் பலசாலிகள், செத்தால் போதும் என்கிறது. கொஞ்ச நாளில் செத்த குதிரையை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி போகிறது. செம்பழுப்பு உடம்பு, மெலிந்து நீண்ட கழுத்து, நெற்றியில் வெள்ளைக் கோடு. இஞ்சர்தானா என்று பியூட்டியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இஞ்சராகவே இருக்கட்டும், அதன் கஷ்டம் முடிந்திருக்குமே என்று விரும்புகிறது. உன் ஆப்பிள் தோட்டம் எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கடைசி வரியில் வயதான பியூட்டி அரைத்தூக்கத்தில், பழைய நண்பர்களோடு ஆப்பிள் மரங்களுக்கடியில் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். அந்த நினைப்பை எடுத்து எனக்கு நிஜமாக்கிக் கொடுத்திருக்கிறாய். உனக்கே அப்போது பதின்மூன்று வயது. உன் அளவுக்கு யாரும் என்னைப் பார்த்துக்கொண்டதில்லை.

ஆனால் அதற்குப் பிறகும் நீ எனக்கு இரண்டிரண்டு தாளாகத்தான் புரட்டினாய். அப்பா விஷயத்திலும் அப்படித்தான். வேண்டாம், இதற்குமேல் எழுதவில்லை. ஊருக்கே தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்தது என்பது மட்டும் இன்னும் ஆறவில்லை.

அன்னா சூவெல் இதைக் குழந்தைகளுக்காக எழுதவில்லை அக்கா. குதிரைகளை வைத்து வேலை செய்கிறவர்களுக்காக எழுதினார். சின்ன வயதில் விழுந்து கணுக்கால் கெட்டு, பிறகு வெளியே போகக் குதிரை வண்டியையே நம்பி இருந்தவர். 1871-இல் தொடங்கி, பெரும்பாலும் படுக்கையில் கிடந்தபடி, முடிந்த நாளில் கொஞ்சம் கொஞ்சமாக எழுத, அவர் அம்மா பிரதி எடுத்தார். புத்தகம் 1877 நவம்பரில் வந்தது, 1878 ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார். குதிரையைத் தலை தாழ்த்த விடாமல் இழுத்துக் கட்டும் வாரை அவர் எப்படி வெறுத்தார்! கம்பீரமாகத் தெரியவேண்டும் என்று பணக்காரர்கள் கட்டியது. மேட்டில் இழுக்கும்போது குதிரையால் கழுத்தை நீட்டி உடம்பின் பலத்தைக் கொடுக்க முடியாது, மூச்சு திணறும். இஞ்சர் உதைத்துக் கெட்ட பெயர் வாங்கியது அந்த வாரால்தான். அவருடைய சவ ஊர்வலத்துக்கு வந்த குதிரைகளுக்கும் அது கட்டியிருந்ததாம். அம்மா பார்த்துவிட்டு அவிழ்க்கச் சொன்னாராம்.

பாப்பா தாங்கமாட்டாள் என்கிறாய். ஜோ கிரீனை யோசித்துப் பார். பியூட்டி இருந்த லாயத்தில் வேலைக்கு வந்த பதினாலு வயதுப் பையன். ஓடிக் களைத்து உடம்பு கொதிக்க வந்த பியூட்டிக்குப் போர்வை போடாமல், குளிர்ந்த தண்ணீரை வயிறு முட்டக் கொடுத்தான். குதிரை சாகக் கிடந்தது. தெரியாமல்தானே செய்தான் என்று அவன் அப்பா கெஞ்சுகிறார். குதிரைக்காரர் ஜான், கெட்ட எண்ணத்துக்கு அடுத்தபடி உலகத்திலேயே மோசமானது அந்தத் தெரியாமைதான் என்று சீறுகிறார். ஜோ நொறுங்கிப்போகிறான். யாரும் அவனிடம் எதையும் மூடி மறைக்கவில்லை. முடிவில் கிழட்டு பியூட்டியை அடையாளம் கண்டு வைத்துக் காப்பாற்றுவதும் அந்த ஜோதான். பாப்பாவுக்கும் இது தெரியட்டும் என்றுதான் அனுப்பினேன். உன்னை மீறவேண்டும் என்பதற்காக இல்லை. கொஞ்சம் அதுவும் இருக்கலாம்.

வியாழக்கிழமை பார்சல் வந்துவிடும். கோபம் வந்தால் எனக்குப் போன் பண்ணு, அவளிடமிருந்து புத்தகத்தை வாங்கி வைக்காதே. மெரிலெக்ஸ் குரலை நீதான் அவளுக்குச் செய்து காட்டவேண்டும், எனக்கு வராது. 40-ஆம் அத்தியாயத்தையும் நீயே வாசி, முழுசாக. உன்னால் முடியாது என்றால் சொல், சனிக்கிழமை நான் கிளம்பி வருகிறேன்.