அலுமாரியைத் திறக்க முதல்

அன்பின் வதனிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம், அதுவும் கையெழுத்தில்! வட்ஸ்அப்பில் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் மட்டும் அனுப்புகிற உனக்கு இப்படியும் எழுத வரும் என்பதை மறந்தே போனேன். முழங்கால் நோ எப்படி? ரொறன்ரோக் குளிருக்குள் படியேறி இறங்காதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்திருக்கிறது, கிழமைக் கடைசியில் வந்து போகிறான். எனக்கும் பென்சனுக்கு நாள் நெருங்குகிறது. வீட்டில் இருந்து என்ன செய்யப்போகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் தூங்கப்போகிறேன்.

நிற்க. வீட்டை விற்கப்போகிறோம், அப்பாவின் புத்தகங்களை உங்கள் நூலகத்துக்குத் தந்தால் எடுப்பீர்களா, அவர் பேரில் ஒரு இறாக்கை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஓம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். வேறு யாருக்காவது என்றால் அப்படித்தான் எழுதியிருப்பேன். உனக்குச் சுற்றிவளைக்கத் தேவையில்லை: எல்லாவற்றையும் எடுக்க ஏலாது. ஏன் என்று விளங்க வேண்டுமென்றால் எங்கள் வேலை எப்படிப் போகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காலையில் நாங்கள் கதவு திறக்க முதலே வாசலில் சைக்கிள்கள் நிற்கும். எல்லாம் பென்சன்காரர், பேப்பருக்கு வருகிறவர்கள். உதயன், வலம்புரி, வீரகேசரி, தினகரன் எல்லாம் எடுக்கிறோம், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதிதான். அதனால் ஒற்றை ஒற்றையாகக் கழற்றிப் பங்குபோடுவார்கள். முதலில் பறிபோவது மரண அறிவித்தல் பக்கம். அதை முடித்த பிறகுதான் அரசியல். செத்தவர் யார் என்பதோடு விடமாட்டார்கள். பிள்ளைகள் எந்த நாட்டில், மருமக்கள் எந்த ஊர், சம்பந்தி வழியில் யாருக்கு யார் என்று முழுதாக அலசி முடிய ஒரு மணித்தியாலம் போகும். உன் அப்பா, எங்கள் மாஸ்டரின் அறிவித்தல் வந்த அன்றும் அப்படித்தான். "கனடாவில இருக்கிறது மூத்தவள்தானே?" என்றார் ஒருவர். "இல்லை, அவள் நடுவிலாள்" என்று மற்றவர் திருத்தினார். எனக்கு வேலை மிச்சம்.

வெள்ளிக்கிழமைகளில் ஆட்கள் மாறும். அன்றைக்குத்தான் அரசாங்க வேலை விளம்பரங்களோடு வர்த்தமானி வரும். பட்டம் எடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பெடியள், பெட்டையள் வருவார்கள். இப்போது அதைப் போனிலேயே பார்க்கலாம். பிறகு ஏன் வருகிறாய் என்று ஒரு பிள்ளையைக் கேட்டேன். "வீட்டில பார்த்தா அம்மா பக்கத்தில வந்து நிண்டு, என்ன வேலை, எப்ப முடிவுத் திகதி எண்டு கேப்பா, அன்ரி. இஞ்ச ஆறுதலாப் பாக்கலாம்" என்றாள்.

பின்னேரம் உயர்தரப் பிள்ளைகள். இவர்கள் எங்கள் புத்தகங்களைத் தொடுவதே அபூர்வம். ரியூசன் நோட்ஸ், கடந்தகால வினாத்தாள், போன். சார்ஜ் போடுகிற பிளக்குக்குப் பக்கத்துக் கதிரைக்குத்தான் போட்டி. 2022 இல் மின்வெட்டு ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை போனபோது அந்தப் போட்டி யன்னலோரக் கதிரைக்கு மாறியது. புத்தகம் எடுக்காதவர்களுக்கு ஏன் இடம் கொடுக்கிறீர்கள் என்று ஒருமுறை எங்கள் பிரதேச சபையில் கேள்வி எழுந்தது. எனக்கு இதில் ஒரு மாறாத எண்ணம் உண்டு. சத்தமில்லாமல் நாலு மணித்தியாலம் காசு கொடுக்காமல் இருந்து படிக்க இந்த ஊரில் வேறு எந்த இடம் இருக்கிறது? கோயில் மண்டபத்தில் லவுட்ஸ்பீக்கர்.

இரவல் பகுதிதான் எனக்குப் பிடித்தது. திருப்பித் தருகிற புத்தகத்துக்குள் என்னென்ன வரும் என்று உனக்குத் தெரியாது. பஸ் ரிக்கற், விபூதிச் சரை, மருந்துச் சீட்டு. ஒருமுறை ஒரு பொம்பிளைப் பிள்ளையின் சாதகக் குறிப்பே வந்தது. தாய்க்காரி சோதிடப் புத்தகம் ஒன்றை எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, குறிப்பை உள்ளே மறந்து வைத்திருக்கிறா. அடுத்ததாக அந்தப் புத்தகத்தை எடுத்தவர் சும்மா இருந்தாரா? திருப்பித் தரும்போது, "இந்தப் பிள்ளைக்கு எட்டில செவ்வாய், தாய்தகப்பனிட்டச் சொல்லுங்கோ" என்று எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்துத் தாய்க்காரி சிறுவர் பகுதியில் நின்றவ! அவவைச் சமாதானப்படுத்த நாங்கள் பட்ட பாடு. பிள்ளை பிறகு நல்ல இடத்தில் கட்டி மெல்பேர்னில் இருக்கிறாள்.

மாஸ்டரின் அலுமாரியில் சைவப் புத்தகங்கள் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். அவை எங்களுக்குத் தனித் தலையிடி. நாங்கள் பாவிப்பது, புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்குகிற டூயி பகுப்புமுறை. 1876 இல் அமெரிக்காவில் போட்ட திட்டம். அதில் 220 தொடங்கி 280கள் முடிய விவிலியமும் கிறிஸ்தவமும். இந்து சமயம் முழுக்க 294.5 என்ற ஒற்றை எண்ணுக்குள். தேவாரம், புராணம், சித்தாந்தம், கோயில் வரலாறு எல்லாம் அதற்குள் நெருக்குப்பட வேண்டும். புள்ளிக்குப் பின்னால் எண்கள் நீண்டு நீண்டு, புத்தக முதுகில் ஒட்டுகிற சீட்டில் இடம் காணாது. சோளகம் தொடங்கினால் அந்த முதுகுகளில் செம்மண் புழுதி படியும். மாரியில் கறையான். இரண்டுக்கும் நடுவில் பங்குனி வெயிலில் அட்டை வளையும். நூலகர் என்றால் நிழலில் இருந்து வாசிக்கிற உத்தியோகம் என்று நினைக்கிறவர்களிடம் நான் தும்புத்தடியைக் கொடுப்பதுண்டு.

இப்போது இடப் பிரச்சினைக்கு வருகிறேன். இந்திய நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931 இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். கடைசி விதி, நூலகம் வளருகிற உயிர் என்பது. யாழ்ப்பாணப் பொது நூலகம் கட்ட ஆலோசனை சொன்னவரும் அவர்தான். வளரும் என்று சொல்லிவிட்டார். எங்கே வளர்வது என்று பிரதேச சபையைத்தான் கேட்க வேண்டும். எங்கள் இறாக்கை எல்லாம் நிரம்பி, புத்தகத்துக்கு மேல் புத்தகம் படுக்கை.

வருட முடிவில் சேர்க்கைப் பதிவேட்டை வைத்து ஒவ்வொரு புத்தகமாகக் கணக்கெடுப்போம். ஒரு வருடம், ஆளே தொடாதவற்றை ஒதுக்கலாம் என்று துணிந்து இறங்கினோம். விண்டோஸ் 98 பழகும் முறை, எப்போதோ மாறிப்போன பாடத்திட்டத்துக் கணக்கியல், கறையான் அரைவாசி தின்றவை. கயிற்றால் கட்டிப் பின்விறாந்தையில் வைத்திருந்தோம், சபையின் அனுமதி வரும் வரைக்கும். பேப்பருக்கு வருகிற ஐயா ஒருவர் அதைக் கண்டுவிட்டார். "எண்பத்தொண்டில அவங்கள் எரிச்சாங்கள். இப்ப நீங்கள் கட்டி எறியிறியளோ?" என்றார். கோபம்கூட இல்லை, கேள்வியாகத்தான் கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வாய்? யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தது மே 31 இரவு, 97,000 புத்தகம் என்று இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். நீயும் நானும் அப்போது ஏழாம் வகுப்பு. மாஸ்டர் அந்தக் கிழமை முழுக்கப் பாடம் எடுக்காமல் எங்களைச் சும்மா வாசிக்க விட்டது உனக்கு ஞாபகம் இருக்கும்.

பழசைக் கழித்து ஒதுக்குவது உலகத்தில் எந்த நூலகத்திலும் நடக்கிற வேலை. அப்படிச் செய்தால்தான் ஒரு பிள்ளை தேடுகிற புத்தகம் கையில் அகப்படும். எங்களுக்கு மட்டும் கை கூசுகிறது. அந்த இரவுதான் காரணம், வேறில்லை. சபையிலும் ஒருவரும் கையெழுத்து வைக்க முன்வரவில்லை. பேப்பரில் வந்தால் என்ன செய்வது என்ற பயம். கட்டுகள் அவிழ்ந்து உள்ளே வந்தன. விண்டோஸ் 98 இன்றைக்கும் எங்கள் இறாக்கையில் மரியாதையோடு நிற்கிறது.

இதற்கு மேல் வெளிநாட்டுப் பெட்டிகள். கோபிக்காதே. நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். திறந்து பார்த்தால் பனிக்குள் விளையாடுகிற கரடிக்குட்டிக் கதை, சோவியத் யூனியன் இன்னும் உடையாமல் இருக்கிற கலைக்களஞ்சியம். வேண்டாம் என்று சொல்லவும் ஏலாது, மேடை போட்டுப் படம் எடுத்தாயிற்று. கப்பல் கூலிக்கும் துறைமுகத்தால் எடுக்கிற செலவுக்கும் போகிற காசில் நல்ல தமிழ்ப் புத்தகம் எத்தனையோ வாங்கலாம். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனதோடு இந்தியாவிலிருந்து வருகிற புத்தகத்தின் விலை எங்கள் ஒதுக்கீட்டுக்கு எட்டாமல் போய்விட்டது. புது நாவல் கேட்டு வருகிறவர்களிடம் நான் இல்லை என்று சொல்லுகிறேன். கரடிக்குட்டி இருக்கிறது.

ஆனால் மாஸ்டரின் அலுமாரி அப்படி இல்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். எரிந்த நூலகத்துக்காக 1982 இல் நூலக வாரம் வைத்துப் புத்தகம் சேர்த்தபோது நல்லவற்றை எல்லாம் அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தார். மிச்சத்தில் பெரும்பகுதி, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இல் வீட்டோடு விட்டுவிட்டு ஓடினதில் போயிற்று. ஆகவே இப்போது இருக்கிற அச்சுப் புத்தகங்களில் அரைவாசி எங்களிடமும் இருக்கும். நான் கண் வைத்திருப்பது மேல்தட்டில். நூலால் கட்டி வைத்திருக்கிற பொட்டலங்கள். நீ "அப்பாவின்ர குப்பை" என்று எழுதியிருக்கிறாயே, அவைதான்.

அதற்குள் கல்வெட்டுகள் இருக்கும். செத்தவீட்டுக்குப் போன இடமெல்லாம் முப்பத்தோராம் நாள் கொடுக்கிற அந்த நினைவு மலரை அவர் எறிந்ததே இல்லை. பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று எங்களிடம் வந்தாள். பெரிய புத்தகங்களில் பொதுவாக இரண்டு பந்தி இருந்தது. எங்களிடம் இருந்த கொஞ்சக் கல்வெட்டில், மலாயன் பென்சனியர் என்று நாங்கள் சிறுவயதில் கேள்விப்பட்ட கிழவர்கள் ஒவ்வொருவரும் எந்த வயதில் போனார், எந்த ரெயில் ஸ்ரேசனில் கிளாக்காக இருந்தார், யாரைக் கட்டினார், எப்போது திரும்பினார் எல்லாம் வம்சாவளியோடு கிடக்கிறது. தேவாரம் அச்சிட்ட பக்கங்களைத் தாண்டினால் ஊரின் வரலாறு. அந்தப் பிள்ளை மூன்று மாதமாக வந்துபோனாள்.

கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூடச் சஞ்சிகை, பழைய பஞ்சாங்கம், சனசமூக நிலைய ஆண்டறிக்கை, றோணியோவில் அடித்த நோட்டீஸ், எதையும் விடவேண்டாம். முக்கியமாகப் போருக்குள் வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்ட காலத்துப் பேப்பர்கள். கடதாசி வராமல் கொப்பி ஒற்றைகளில் பேப்பர் அச்சடித்த காலம் இருந்ததல்லவா? இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை. ஒரு பிரதியைக் கையில் கொடுத்தால் கோடு தெரிகிறதைத் தடவிப் பார்க்கிறார்கள்.

கையைவிட்டுக் கொடுக்க மனமில்லாதவை இருந்தால் அதற்கும் வழி உண்டு. இணையத்தில் 2005 இலிருந்து இருக்கிற 'நூலகம்' எண்ணிம நூலகத்தை நீ பார்த்திருப்பாய். அப்படி ஸ்கான் செய்து போட்டால் உரித்தாளிகளிடமே தாள் இருக்கலாம், நீயும் ரொறன்ரோவில் இருந்து வாசிக்கலாம்.

இறாக்கைக்குப் பேர் வைப்பது பற்றி: வேண்டாம். பேர் போட்டால் அந்தப் புத்தகங்கள் தங்கள் தங்கள் பகுப்பெண்ணுக்குப் போகாமல் ஒரு மூலையில் சேர்ந்து கிடக்கும். அப்படித் தனியே கிடப்பதை வாசகர் எடுக்க மாட்டார்கள், காட்சிக்கு வைத்தது என்று நினைத்து விலகிப்போவார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொன்றின் உள்ளட்டையிலும் அன்பளிப்பு முத்திரை குத்தி மாஸ்டரின் பேரை நானே எழுதுவேன். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஆரம்பமும் 1933 இல் கே. எம். செல்லப்பா என்ற மனிதர் தன் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுத்ததுதானே. அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை, 844 புத்தகம். மாஸ்டருக்கு இந்தக் கதை நல்ல விருப்பம், வகுப்பில் சொல்லியிருக்கிறார்.

ஆகவே இப்போது நீ செய்ய வேண்டியது: தம்பிக்கு இன்றைக்கே போன் எடுத்து, பழைய பேப்பர்காரனைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லு. அவன் வீடு துப்புரவாக்குகிற அவசரத்தில் மேல்தட்டிலிருந்துதான் தொடங்குவான், எனக்கு அவனைத் தெரியும். வீட்டுத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று எழுது. பக்கத்து வீட்டு மாமியிடம் என்றால் அவவுக்கும் ஒரு சொல் சொல்லிவிடு, இல்லாவிட்டால் என்னைக் கேற்றைத் தாண்ட விடமாட்டா. நானும் எங்கள் உதவியாளர் பிள்ளையும் ஒரு ஞாயிறு வந்து பட்டியல் எடுப்போம். எடுப்பவை, ஸ்கான் செய்பவை, நீங்கள் வைத்திருக்க வேண்டியவை என்று பிரித்து உனக்கு அனுப்புகிறேன். விற்பனை உறுதி எழுத முதல் இது முடிய வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் இன்னும் நல்லது, நீயும் நின்றே பிரிக்கலாம். வரும்போது சொக்லேற் வேண்டாம். புத்தகம் ஒட்டுகிற நல்ல ரேப் கொண்டுவா, இங்கே கிடைப்பது ஒரு மாரிக்கு நிற்காது.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
சுகந்தி