வாசலைன் டப்பாவில் கிடந்த குண்டு

குவைத்,
நவம்பர் 11.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அம்மா, செல்வி எல்லோரும் நலமா? போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் காதில் விழுகிறது. மீதியை அம்மா தன் இஷ்டத்துக்குச் சொல்கிறாள். பட்டறைச் சங்கதியை அம்மா வழியாக அனுப்பினால் கியர் பெட்டி கிரைண்டர் ஆகிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம். செல்வியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

வெயில் தணிந்துவிட்டது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. எங்கள் தலைக்கு மேல் தகரக் கூரை இருப்பதால் அந்தச் சலுகை எங்களுக்கு இல்லை. ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் பிடித்தோம். இப்போது ராத்திரியில் போர்வை கேட்கிறது.

நான் வேலை செய்யும் ஷுவைக் தொழிற்பேட்டையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பட்டறைதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நம் வாசலில் ஒரு லாரி நின்றாலே பால்காரர் சண்டைக்கு வருவார். இங்கே நூறு வண்டி நின்றாலும் கேட்க ஆள் இல்லை. பெரும்பாலும் அமெரிக்க பிக்கப் டிரக்குகள். கிளட்ச் மிதியே கிடையாது. நீங்கள் பார்த்தால் "இது வண்டியா, தையல் மெஷினா" என்பீர்கள்.

போன வாரம் அப்படி ஒரு வண்டி என் மானத்தை வாங்கிவிட்டது. நான்கு கியர் கொண்ட, தானாகவே கியர் மாற்றும் 4எல்60இ பெட்டி. உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்து வழுக்கியதால் முழுவதும் பிரித்து, புதுத் தட்டு, புது சீல் எல்லாம் போட்டு நானே கோர்த்தேன். வண்டியை எடுத்துப்போனவர் மறுநாளே திரும்பி வந்தார். கியர் மாறும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ லாரியால் இடிப்பது போல இருக்கிறதாம். ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது டாஷ்போர்டில் வைத்திருந்த தஸ்பீஹ் ஜெபமாலை எகிறி என் மடியில் விழுந்தது. பாலைவனத்தில் குளிர்காலக் கூடாரம் போடும் பருவம் 15ஆம் தேதி தொடங்குகிறது, அவருக்கு வண்டி உடனே வேண்டும். முதலாளி, "பெட்டியை மறுபடியும் இறக்கு, அந்த நாள் கூலி கிடையாது" என்றார்.

இறக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெட்டியில் எல்லாமே எண்ணெய் அழுத்தம்தான் அப்பா. அழுத்தம்தான் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கிறது. எவ்வளவு அழுத்தம் என்பதை மின்சாரத்தில் இயங்கும் வால்வான ஒரு சோலினாய்டு முடிவு செய்கிறது. அதற்குப் போகும் மின்சாரம் குறையக் குறைய அழுத்தம் ஏறும். தலைகீழாக இருக்கிறதே என்று முதலில் எனக்கும் குழப்பம். பிறகுதான் லாரியின் ஸ்பிரிங் பிரேக் நினைவுக்கு வந்தது. காற்று போய்விட்டால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும் அல்லவா, அதே புத்திதான். ஒயர் அறுந்தால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும், தட்டு வழுக்கி எரியாது, ஆனால் ஒவ்வொரு கியரும் உதைக்கும். எனவே முதலில் கேஜ் மாட்டிப் பார்த்தேன். வண்டி நிற்கும்போது அழுத்தம் சரியாகவே இருந்தது. ஒயரிலும் குறை இல்லை.

எங்கள் ஃபோர்மேன் சேட்டன்தான் அடுத்த வழியைச் சொன்னார். பழைய தட்டுகள் வழுக்கிய காலத்தில் வண்டியின் கணினி அதைக் கவனித்து, மேலே மாறும் ஒவ்வொரு கியருக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நினைவில் எழுதி வைத்திருக்கிறது. தட்டு புதிதாகிவிட்டது கணினிக்குத் தெரியாது. நோய் தீர்ந்த பிறகும் அதே கஷாயத்தை ஊற்றிக்கொண்டிருக்கிறது! ஸ்கேனரை மாட்டி அந்தக் கணக்கை அழித்துவிட்டு, நிதானமாக ஒரு மணி நேரம் ஓட்டினோம். இரண்டு மூன்றாவதும், மூன்று நான்காவதும் வெண்ணெய் போல ஆயின. ஒன்று இரண்டாகும்போது மட்டும் அதே உதை.

எல்லாக் கியரும் உதைத்தால் பொதுவான அழுத்தத்தில் கோளாறு. ஒன்றே ஒன்று உதைத்தால் அந்தக் கியருக்குப் போகும் வாய்க்காலில்தான் கோளாறு. அதற்குப் பெட்டியை இறக்க வேண்டியதில்லை. அடியில் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினாலே வால்வ் பாடி கைக்கு வந்துவிடும். நம் வயலில் மதகும் கிளை வாய்க்காலும் பார்த்திருக்கிறீர்களே, அதையே ஓர் உள்ளங்கை அகல அலுமினியத்தில் செதுக்கியது போல இருக்கும். அங்கங்கே மிளகைவிடக் கொஞ்சம் பெரிய குண்டுகள். எண்ணெய் ஒரு பக்கமாக வந்தால் குண்டு பெரிய துளையை அடைத்துக்கொள்ளும், எண்ணெய் சிறு துளை வழியாக மெதுவாகப் போய் இரண்டாம் கியரைப் பிடிக்கும் பட்டையை இறுக்கும். திரும்பி வரும்போது குண்டு விலகி வழி விடும்.

முதலில் அக்யுமுலேட்டரைப் பிரித்தேன், அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே இருக்கும் பிஸ்டனும் ஸ்பிரிங்கும். இரண்டும் நன்றாக இருந்தன. பிறகு குண்டுகளைப் படத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒரு குழியில் வாசலைன் மட்டும் இருந்தது. குண்டு இல்லை.

மல்லாந்து படுத்துப் பூட்டும்போது குண்டு கீழே விழாமலிருக்க வாசலைன் தடவி ஒட்டுவோம். சூடான எண்ணெயில் அது கரைந்துவிடும். சாதாரண கிரீஸ் சரியாகக் கரையாது, அதனால் அதைத் தொடமாட்டோம். நேராகப் போய் என் மேசையிலிருந்த வாசலைன் டப்பாவைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம், நகத்தால் வழித்த தடத்தின் ஓரத்தில், பழுப்பு நிறத்தில் அது உட்கார்ந்திருந்தது. முதலாளி பார்ப்பதற்குள் மூடிவிட்டேன். சேட்டன் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கித் தந்தார்.

"ஒரு நட்டு மிஞ்சினால் சோறு கிடையாது" என்று அந்த அலுமினியத் தட்டில் எண்ண வைப்பீர்களே, அன்று உங்களைக் கஞ்சன் என்று திட்டியிருக்கிறேன். வண்டி இப்போது கியர் மாறுவதே தெரியாமல் போகிறது. கூலியைப் பிடிக்கவில்லை, இம்மாதப் பணம் குறையாமல் வரும்.

அங்கே மழை எப்படி? கெடிலம் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா? தானே புயலில் ஓடு பறந்த இடத்தை இன்னும் தார்ப்பாயால்தான் மூடியிருக்கிறீர்கள் என்று செல்வி சொன்னாள். முதலில் அதைப் பாருங்கள், என் கடன் கணக்கைப் பிறகு பார்க்கலாம். என் அறை நண்பன் விடுமுறையில் நெல்லிக்குப்பம் வருகிறான், தை பிறந்ததும் திரும்புவான். பண்ருட்டி முந்திரி ஒரு கிலோவும் அந்த அலுமினியத் தட்டும் கொடுத்தனுப்புங்கள். தட்டைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடவில்லையே?

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்.