மணியத்துக்கு, அந்த ‘நோ’வைப் பற்றி

அன்பு மணியம்,

உன் குரல் பதிவைக் கேட்டேன். பேத்தி பிறந்த செய்தி முதல் நிமிடத்திலேயே முடிந்துவிட்டது, மீதி நாலு நிமிடமும் “ஐம்பத்தெட்டு வயசில் இன்னும் ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ குரங்குப் படமா” என்ற திட்டுதான். பேத்திக்கு என் ஆசி. திட்டுக்குத்தான் இந்தக் கடிதம், பேசினால் நீ நடுவில் புகுந்துவிடுவாய்.

இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நம் ரப்பர் தோட்டத்தை விற்று, பால்மரங்களை எல்லாம் வெட்டி, தாமான் குடியிருப்பு வீடுகள் கட்டிவிட்டார்கள் என்று உனக்கே தெரியும். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது லயத்து வீட்டு வரிசை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் காரை நிறுத்திவிட்டு முழித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2001-இல் டிம் பர்ட்டன் எடுத்ததைப் பார்த்துவிட்டு “இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்” என்று தியேட்டர் வாசலில் சத்தியம் செய்தாயே, அன்று நானும் தலையாட்டினேன். ரிக் பேக்கரின் ஒப்பனையைக் குறை சொல்ல முடியாது, ஆனால் கதையில் உயிரே இல்லை. கடைசியில் லிங்கன் சிலைக்குக் குரங்கு முகம் வைத்தார்களே, அது எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. 1968 படத்தின் கடைசிக் காட்சியில் கடற்கரை மணலில் பாதி புதைந்த சுதந்திரதேவி சிலை தெரியும்போது நமக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் சத்தியத்தை நான் 2011-லேயே, புதிய படம் வந்தபோது, மீறிவிட்டேன். மகனை ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், ‘அவனுக்காகத்தான்’ என்று உன்னிடம் சொன்னது பொய்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நாம் முதலில் பார்த்தது முதல் படமே இல்லை. வீடியோ கடையில் இருந்த ஒரே டேப் மூன்றாவது படம், 1971-இல் வந்தது. உன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்தோம், பிஸ்கட் டின் உன் மடியில், கேட்டால் ஒன்று ஒன்றாகத்தான் தருவாய். அதில் எதிர்காலத்திலிருந்து வந்த கொர்னேலியஸ் என்ற குரங்கு தங்கள் வரலாற்றைச் சொல்லும். நாய் பூனையெல்லாம் ஒரு நோயில் செத்துப்போக, மனிதர்கள் குரங்குகளைச் செல்லப்பிராணியாக வைத்துக்கொள்கிறார்கள், அப்புறம் வேலைக்காரர்களாக. ஒரு நாள் ஆல்டோ என்ற குரங்கு முதன்முதலாக வாய் திறந்து ஒரு சொல் பேசுகிறது. மனிதர்கள் அதனிடம் எத்தனையோ தடவை சொன்ன அதே சொல்: “நோ.” அரை நிமிட வசனம், படம் அடுத்த காட்சிக்குப் போய்விடும்.

நாற்பது வருடம் கழித்து, 2011-இல், இன்னொருவர் அந்த அரை நிமிடத்தை எடுத்து ஒரு முழுப் படமாக்கியிருக்கிறார், அதைத்தான் நீ பார்க்கமாட்டேன் என்கிறாய்! சீசர் என்ற சிம்பன்சியைக் கூண்டுக் காப்பகத்தில் அடைத்திருக்கிறார்கள், காவல்காரப் பையன் மின்சாரத் தடியோடு உள்ளே வருகிறான். சீசர் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறது. பையன் 1968-இல் சார்ல்டன் ஹெஸ்டன் சொன்ன அதே வசனத்தைச் சொல்லிக் கையை எடு என்று கத்துகிறான். ஐயோ, பழைய ரசிகனுக்குப் பொரி போடுகிறார்களே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்போதுதான் சீசர் நிமிர்ந்து நின்று “நோ” என்றது. தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகன் வாயைத் திறந்தபடியே இருந்தான். பழைய படத்தில் கூண்டுக்குள் இருந்தவன் மனிதன், அவன் பேசியதும் குரங்குகள் அதிர்ந்தன. இங்கே அது அப்படியே திரும்பிவிட்டது.

“எல்லாம் கம்ப்யூட்டர் வேலை” என்பாய். சீசராக வரும் ஆண்டி செர்கிஸ் சாம்பல் உடையில், முகத்தில் புள்ளி வைத்து, முன்னால் ஒரு கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நடித்ததன்மேல்தான் வேட்டா நிறுவனத்தார் மயிரும் தோலும் போர்த்தினார்கள். 1968-இல் ஜான் சேம்பர்ஸின் முகமூடிக்குள்ளிருந்து ராடி மெக்டவல் கண்ணாலேயே நடித்தார், அதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சேம்பர்ஸுக்காவது கௌரவ ஆஸ்கார் கிடைத்தது. புதிய நாலு படமும் காட்சி விளைவுகளுக்குப் பரிந்துரை ஆனதோடு சரி, ஒன்றுக்கும் கொடுக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதே 2011 படத்தில் மோரிஸ் என்று ஒரு ஓராங் ஊத்தான் வரும், சர்க்கஸிலிருந்து வந்தது, ‘ஓராங் ஊத்தான்’ என்று மலாய்ப் பெயர் கொண்ட நம்மூர்க்காரர். சீசர் ஒரு பெட்டி பிஸ்கட்டை முரட்டுச் சிம்பன்சியிடம் கொடுத்து மற்றவர்களுக்குப் பங்கு போடச் சொல்கிறது. ஏன் என்று மோரிஸ் கைச்சாடையில் கேட்கிறது. சீசர் ஒரு குச்சியை ஒடித்துக்காட்டி, ஒரு கட்டுக் குச்சியைக் கையில் எடுத்து, சேர்ந்தால் பலம் என்கிறது. நம் தமிழ்ப்பள்ளிப் பாடப்புத்தகத்து விறகுக்கட்டுக் கதையேதான்! மோரிஸ் யோசித்துவிட்டுச் சொல்லும் பதில்: “குரங்குகள் முட்டாள்கள்.” நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

2024-இல் வந்த படத்தில், பல தலைமுறை கழித்து, பிராக்சிமஸ் என்ற கொடுங்கோலன் சீசரின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டு அதே ‘சேர்ந்தால் பலம்’ வாசகத்தைக் கூட்டத்தைக் கத்த வைக்கிறான். பிஸ்கட் பங்கு போடச் சொன்ன வார்த்தை அடிமைகளை வேலை வாங்கும் கோஷமாகிவிட்டது. நடுவில் உள்ள இரண்டையும் மாட் ரீவ்ஸ் எடுத்தார், 2014 படத்தில் கோபா என்ற குரங்கு சீசருக்குச் செய்யும் துரோகம் நன்றாக வந்திருக்கிறது, 2017 படம் கொஞ்சம் இழுவை. உண்மையைச் சொன்னால் 2024 படத்திலும் இடையில் ஒரு தூக்கம் போட்டேன். ஆனால் அந்தக் கோஷத்துக்காக மன்னித்துவிட்டேன்.

இன்னொன்று. மூலக்கதையை 1963-இல் எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல், 1936-லிருந்து நம் மலாயாவில் ஆங்கிலேயரின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர், தெரியுமா? அவர் நாவலில் மனிதர்கள் சோம்பிப்போக, வேலைக்காரக் குரங்குகள் மெல்ல மெல்ல வீட்டைப் பிடித்துக்கொள்ளும். இது என் ஊகம்தான், தப்பாக எடுத்துக்கொள்ளாதே, வேலைக்காரன் பேசிவிடுவானோ என்ற தொரைமாரின் பயத்தை அவர் பங்களா வராந்தாக்களில் நேரில் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அப்பா தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் ‘முடியாது’ என்று சொன்னதாக வீட்டில் ஒரு கதை சொல்வார்களே, அதை யோசித்துக்கொண்டே 2011 படத்தை மறுபடி பார்த்தேன்.

தீபாவளிக்கு ஜொகூரிலிருந்து வருவாய்தானே? முதல் நாள் இரவு 2011 படம் மட்டும் போடுகிறேன், பிடிக்காவிட்டால் தூங்கு. வரும்போது ஒரு டின் பிஸ்கட் வாங்கி வா. இந்தத் தடவை டின் என் மடியில்தான்.

உன்
கணேசன்