மழைமானியிலிருந்து கழற்றிய போர்டு

கோயம்புத்தூர்,
22 மே 2022.

அன்புள்ள செல்வம்,

வீட்டில் அனைவரும் நலம். ஜூன் நெருங்குகிறதே, மழைமானி தயாரா என்று நீ மூன்று முறை எழுதிக் கேட்டும் நான் வாய் திறவாமல் இருந்த காரணத்தை இன்று சொல்லிவிடுகிறேன். 2016இல் நாம் என் மொட்டைமாடியில் வைத்த அந்த மழைமானிக்குள் இருந்த கையகலக் கணினியான ராஸ்பெர்ரி பை 3 போர்டை மார்ச் மாதமே கழற்றி, ஒரு நூற்பாலையின் ஈரப்பதக் கருவிக்குள் பொருத்திவிட்டேன்.

திட்டுவதற்கு முன் என் நிலையையும் கேள். அந்த ஆலையில் நான் பொருத்தியிருந்த போர்டு பழுதாகிவிட்டது. ஈரப்பதம் குறைந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். உலகெங்கும் சிப் தட்டுப்பாடு என்று விற்பனையாளர்கள் கையை விரித்தார்கள். ஒருவர் மட்டும் மும்மடங்கு விலை சொன்னார். இரவெல்லாம் யோசித்து, கொடுத்துத் தொலைக்கலாம் என்று மறுநாள் போனபோது அதுவும் விற்றுப்போயிருந்தது. அடுத்த பதிப்பான பை 4 போடலாமே என்பாய். அதில் நெட்வொர்க் துளையும் யுஎஸ்பி துளைகளும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, மின்சாரம் கொடுக்கும் முனையும் வேறு; பழைய அளவுக்கு நான் வெட்டி வைத்திருக்கும் இருபத்தைந்து பெட்டிகளையும் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும். அதுவும் கிடைத்தால்தானே!

பை 3இன் சிப் 40 நானோமீட்டர் எனப்படும் பழைய தயாரிப்பு முறையில் செய்யப்படுவது. பை 4இன் சிப்புக்கு அதைவிட நுணுக்கமான 28 நானோமீட்டர் முறை. அந்தப் பழைய முறையில்தான் தட்டுப்பாடு அதிகம் என்பதால், இருக்கும் சிப்பையெல்லாம் ராஸ்பெர்ரி பை நிறுவனத்தார் அளந்து அளந்து செலவிடுகிறார்கள். சென்ற அக்டோபரில் 2 ஜிபி பை 4இன் விலையை 35 டாலரிலிருந்து 45க்கு ஏற்றினார்கள். அவர்கள் விலையேற்றியது அதுவே முதல் முறை. ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் தலைவர் எபன் அப்டன் எழுதியதைப் படித்தாயா? மாதம் சுமார் 5 லட்சம் போர்டுகள் செய்தும் போதவில்லையாம். அவற்றை நம்பித் தொழில் நடத்துவோருக்கே முன்னுரிமையாம்.

அதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும், கூச்சம்தான் வந்தது. பிள்ளைகள் துணிந்து குடைந்து கற்கட்டும் என்று 2012இல் வந்த பொருள் அது, உன் மாணவர்கள் கேட்ட இரண்டு போர்டுகளுக்கு இன்று வழியில்லை. ஆனால் ஒரு ஆலையின் ஷிஃப்டு நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, அப்டன் செய்தது தவறென்றும் என்னால் சொல்ல முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஆண்டுக்கு முப்பது போர்டு வாங்கும் என்னை விற்பனையாளர் தொழில் செய்பவனாகவே மதிப்பதில்லை. ஆளுக்கு ஒன்று என்று பொழுதுபோக்குக்காரர்களின் வரிசையிலேயே நிறுத்துகிறார். நீயாவது அந்த வரிசையில் மனமறிந்து நிற்கிறாய்.

அடுத்து வரும் போர்டு உன் பள்ளிக்கு, மழைமானி காத்திருக்கட்டும். ஜூன் 1 முதல் காலை 8.30 மணிக்கு நானே மாடியேறி, கண்ணாடிக் குவளையில் அளந்து உனக்கு எழுதுகிறேன்.

உன்,
மணி