மேற்குச் சுவர்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பணம் வந்தது. தொழு வேலை முடிந்து, மாடுகளை உள்ளே கட்டிப் பத்து நாளாகிறது. நீ படம் அனுப்பியிருந்தாயே, நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை, அதைப்போல் ஏன் போடவில்லை என்று போனில் வருத்தப்பட்டாய். அவசரத்தில் பதில் சொல்ல முடியவில்லை.

தாயி, செங்கோட்டைக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று சாரலைப் படுக்கைவாக்கில் அடிக்கும். ஐப்பசியில் மழை கிழக்கிலிருந்து வரும். அதனால் தொழுவைக் கிழக்கு மேற்காக நீட்டி, குறுகலான பக்கங்களைக் காற்றுக்குக் கொடுத்திருக்கிறேன். வடக்கும் தெற்கும் திறப்பு. வெயிலும் உள்ளே அதிகம் விழாது. கிழக்கில் நாலடிச் சுவர். மேலே ஐப்பசிக்குக் கீற்றுத் தட்டி கட்டிக்கொள்ளலாம். மேற்கில் மட்டும் கூரை வரை கல் சுவர்.

அந்தச் சுவருக்குத்தான் பணம் கூடுதலாகப் போனது. தாத்தா தொழுவிலும் மேற்கே கல் சுவர் இருந்தது. இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1956-க்கு முன்னால், அவர் கட்டியது. நீ சின்னப்பிள்ளையாக இருக்கும்போது, காற்றோட்டம் வேண்டும் என்று நான்தான் அதை இடித்தேன். அந்த ஆடியில் பிறந்த கன்று ஈரத்திலேயே கிடந்து, சளி பிடித்து, நாலாம் நாள் செத்துப்போனது. உனக்கு நினைவிருக்காது. எனக்கு மறக்கவில்லை.

தகரம் வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு. சித்திரையில் அது அடுப்பாகக் கொதிக்கும், மழையில் இரைச்சல். பழைய ஓடு விலைக்குக் கிடைத்தது. நடுவில் பன்னிரண்டடி, ஓரத்தில் எட்டடி உயரம். மூத்திர நெடி உள்ளே தங்குவதில்லை.

தரையைக் கேட்டாயே. போன வருஷம் கொத்தனார் வழவழவென்று பூசிக் கொடுத்ததில் செவலை சறுக்கி விழுந்து மூன்று வாரம் நொண்டியது. இந்தத் தடவை நானே பக்கத்தில் நின்று சொரசொரப்பாக வைத்து, கோடு கீறச் சொன்னேன். அடிக்குக் கால் அங்குலம் சரிவு. கழுவிய தண்ணீர் வாய்க்காலில் இறங்கித் தென்னைக்குப் போய்விடும். ஒரு மாட்டுக்கு நாலடி அகலம், ஐந்தரை அடி நீளம்.

ஆட்டுக்குப் பரண் இன்னும் போடவில்லை. ஐப்பசி மழை ஓய்ந்து தை பிறக்கட்டும். தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் பலகை, நடுவே அரை அங்குல இடைவெளி. புழுக்கை கீழே விழ வேண்டும், குட்டியின் கால் மாட்டக் கூடாது. மீதிப் பணத்தை அதற்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மரம் வாங்கும்போது கணக்கு எழுதி அனுப்புகிறேன். நீ இப்போதைக்கு எதுவும் அனுப்பாதே.

செவலை சினையாக இருக்கிறது. மார்கழிக் கடைசியில் ஈனும். பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா